அட்டகாசம்: திட்டா, பாராட்டா?

நீங்கள் கேட்டிருப்பது "அட்டகாசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?" என்றுதான். ஆனால் கேள்வியின் கடைசி வரிகளைப் படித்தால் உங்கள் கவலை வேறு என்று தெரிகிறது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்திருக்கிறீர்கள். கீழ்வீட்டு அம்மா உங்கள் ஐந்து வயதுப் பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்க பையன் அட்டகாசம் தாங்கல" என்றிருக்கிறார். உங்கள் ஊரில் அட்டஹாஸ் என்றால் வாய்விட்டுச் சிரிப்பது. பையன் சிரிப்பதில் அந்த அம்மாவுக்கு என்ன தாங்கவில்லை என்று குழம்பிப் பேப்பரைப் புரட்டினால், 'வாழைத் தோட்டத்தில் காட்டு யானை அட்டகாசம்' என்று இருக்கிறது. ஆபீஸில் கேட்டால், "பிரியாணி அட்டகாசமா இருக்குன்னு சொல்வோமே, அதுதான்" என்கிறார்கள். ஆக, கீழ்வீட்டில் போய் மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருபத்தாறு வருடம் தலைப்புப் போட்டுப் பிழைத்தவன். அட்டகாசம் என்ற சொல்லை என் கையால் எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் இந்தச் சொல் எங்கே என்ன வேலை செய்யும் என்பதை அனுபவத்தில் சொல்ல முடியும். அதன் வரலாற்றில் சில இடங்களில் ஊகம்தான் செய்கிறேன். ஊகம் வரும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று: உங்கள் ஊர்ப் பொருள் தப்பில்லை. மூத்த பொருளே அதுதான். சமஸ்கிருதத்தில் 'ஹாஸ' என்றால் சிரிப்பு, 'அட்ட' என்றால் உயர்ந்த, உரத்த. கோட்டை மதில்மேல் இருக்கும் காவல் கோபுரத்துக்கும் அதே சொல்தான். தமிழில் அது 'அட்டாலை' என்று வந்து சேர்ந்தது. அட்ட என்றால் எட்டு, எட்டுத் திக்கும் கேட்கிற சிரிப்பு என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அட்டமியிலும் அட்டமாசித்தியிலும் இருக்கும் அட்ட, 'அஷ்ட' என்பதன் தமிழ் வடிவம். இந்த அட்ட வேறு.

'ஹ' எப்படி 'க' ஆனது என்று கேட்கலாம். பரிஹாஸம் பரிகாசம் ஆனது, மோஹம் மோகம் ஆனது, அதே வழிதான். எழுத்துத்தான் மாறியது, ஒலி அவ்வளவாக மாறவில்லை. 'மகன்' என்று ஒரு தமிழரைச் சொல்லச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். நடுவில் வரும் க உங்கள் ஹ-வுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். கீழ்வீட்டு அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட 'அட்டஹாசம்' என்றுதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். குழப்பமே அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

இந்தச் சிரிப்பு சாதாரண ஆளின் சிரிப்பல்ல. தேவி மாகாத்மியத்தில், தேவர்களின் ஒளியெல்லாம் திரண்டு உருவான தேவி, ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டதும் மறுபடி மறுபடி அட்டஹாஸத்தோடு முழங்குகிறாள். அந்த ஓசை வானம் முழுக்க நிறைகிறது. அதைக் கேட்டுத்தான் மகிஷாசுரன் என்ன இது என்று கொதித்தெழுகிறான். காளிதாசன் மேகதூதத்தில் பனி மூடிய கைலாய மலையைப் பார்த்து, சிவனின் அட்டஹாஸம் நாள்தோறும் சேர்ந்து குவிந்துபோனது போல இருக்கிறது என்கிறான். சிரிப்புக்கு நிறம் வெள்ளை என்பது அந்தக் கவிமரபு. நம் பக்கம் பண்ருட்டிக்கு அருகே திருவதிகை இருக்கிறது. சிவன் முப்புரத்தை எரித்த இடம். வில்லை வளைத்து அம்பு விடுவதற்குள் ஒரு சிரிப்புச் சிரித்தே எரித்துவிட்டார் என்பார்கள். திருவதிகை அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. அந்த அட்ட எட்டுதான், அங்கே நடந்த அட்டகாசத்தின் அட்ட வேறு. குழப்புவதற்கு மன்னிக்கவும்.

நகை பிறக்கும் காரணங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் நம்பிவிடும் வெகுளித்தனம், அவ்வளவுதான். எதிரியை நடுங்க வைக்கிற சிரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. சினிமாவில் பார்க்க வேண்டுமானால் பி.எஸ். வீரப்பாவின் பழைய படம் எதையாவது பாருங்கள். அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பாரே, அதைத்தான் இன்றும் 'அட்டகாசச் சிரிப்பு' என்கிறோம். பழைய பொருள் தமிழில் முழுசாகச் செத்துவிடவில்லை. 'அட்டகாசமாகச் சிரித்தான்' என்ற ஒரு தொடருக்குள் அது உயிரோடு இருக்கிறது.

ஒரே சொல் அக்கம்பக்கத்து மொழிகளில் போய் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இந்தியில் சிரிப்பாகவே இருந்துவிட்டது. மலையாளத்தில் அட்டஹாசம் என்றால் பெரும்பாலும் அலறல், கத்தல். தெலுங்கில் 'அட்டஹாசங்கா' என்றால் கோலாகலமாக, ஆடம்பரமாக. திருவிழாவோ கட்சி மாநாடோ 'அட்டஹாசங்கா' தொடங்கியது என்று தெலுங்குப் பத்திரிகைகள் தினமும் எழுதும். கன்னடத்தில் கெட்டவனின் வெறியாட்டம், அதோடு கொரோனா, மழை எல்லாமே அட்டஹாசம் செய்யும். மராத்தியில் பிடிவாதம், விடாப்பிடியான முயற்சி. ஒரு சிரிப்பிலிருந்து ஒரு மொழி சத்தத்தை எடுத்துக்கொண்டது, ஒன்று பகட்டை, ஒன்று கொடுமையை, ஒன்று விடாப்பிடியை. தமிழ் இரண்டை எடுத்துக்கொண்டது, அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

சிரிப்பு எப்படிச் செயலானது? இங்கே என் ஊகம். தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று முழங்கிவிட்டுத்தான் வெளியே வருவார். இரணியன் போன்ற வேஷம் என்றால் அந்த முழக்கத்திலேயே முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் ஒளிந்துகொள்ளும். சிரிப்பு முதலில் வரும், அக்கிரமம் பின்னாலேயே வரும். இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சிரிப்பின் பெயர் அக்கிரமத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

சரி, இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். தலைப்பு எழுதுகிறவனுக்கு அட்டகாசம் ஒரு வரம். வினைச்சொல்லே தேவையில்லை. 'குரங்குகள் அட்டகாசம்' என்று எழுதினால் ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடும். வழிப்பறிக் கும்பல் அட்டகாசம், போதை ஆசாமி அட்டகாசம், தெருநாய்கள் அட்டகாசம். யார் என்பதை மட்டும் மாற்றினால் போதும். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும் இந்த அட்டகாசம் செய்தித்தாளில் எப்போதும் கெட்டதுதான். செய்தார், பண்ணினார், தலைவிரித்தாடுகிறது, அடக்க வேண்டும், அளவே இல்லை என்று எதோடு சேர்ந்தாலும் அங்கே கெட்டதுதான்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கெட்ட அட்டகாசத்தைச் செய்ய ஒரு மனசு வேண்டும். மனிதன் செய்வான், குரங்கு செய்யும், யானை செய்யும், குழந்தை செய்யும். கன்னடத்தைப் போலத் தமிழில் மழையும் தீயும் அதைச் செய்வதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளையெல்லாம் சாய்த்தபோது, கோரத் தாண்டவம் என்று எழுதலாம். 'கஜா புயல் அட்டகாசம்' என்று எழுதினால், புயலைப் பாராட்டுகிறாயா என்று டெல்டாக்காரர்கள் ஆபீஸுக்கே வந்துவிடுவார்கள். 'நேத்து மழை அட்டகாசம்' என்று ஒருவர் சொன்னால் அவர் வெயிலில் வெந்துபோய் இருந்தவர், மழையை ரசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதனால்தான் யானைக்கு இந்தச் சொல்லைப் போடுவது இப்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 2019 ஜனவரியில் கோவைத் தடாகம் பகுதியில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அது சில நாளில் காட்டை விட்டிறங்கி நடந்தே உடுமலைப்பேட்டை வட்டாரத்துக்கு வந்துவிட்டது. கரும்புத் தோட்டத்தில் நின்று சாப்பிட்டது, தூங்கியது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதைக் கும்கியாக்கக் கூடாது என்று ஊர் ஊராகக் குரல் எழுந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள், பிறகு கும்கியாகவே ஆகிவிட்டது. பயிர் அழிந்தது விவசாயிக்கு உண்மையான நஷ்டம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பசிக்குத் தின்ற ஒரு பிராணியின் தலையில் ரவுடிக்குப் போடும் சொல்லைப் போட்டால், அது வேண்டுமென்றே வந்து அநியாயம் செய்ததுபோல ஆகிவிடுகிறது. நானும் அப்படிப் பல தலைப்புகள் போட்டவன்தான். கடைசிச் சில வருடங்களில் 'ஊருக்குள் யானை: 2 ஏக்கர் வாழை சேதம்' என்று மாற்றினேன். கொஞ்சம் நீளம், ஆனால் வாசகனுக்குச் செய்தி கிடைக்கும்.

மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். 'டாஸ்மாக் கடை முன்பு வாலிபர்கள் அட்டகாசம்' என்று நிருபர் எழுதி அனுப்புவார். போன் போட்டு, என்னப்பா செய்தார்கள் என்று கேட்டால், "பாட்டிலை ரோட்டில் உடைத்தார்கள் சார்" என்பார். அப்போ அதை எழுதப்பா என்பேன். அட்டகாசம் என்பது செயலின் பெயரல்ல, செயலுக்கு நாம் கொடுக்கும் தீர்ப்பு. போலீஸ்காரர் எழுதும் புகாரில் தகராறு, மிரட்டல், பொருள் சேதம் என்றுதான் இருக்கும். அதற்கெல்லாம் சட்டத்தில் பிரிவு உண்டு, அட்டகாசத்துக்குக் கிடையாது.

இனிப் பாராட்டு. 'ஆக', 'ஆன' என்று ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பாராட்டு. அட்டகாசமாகப் பாடினாள், அட்டகாசமான சாம்பார். மேலே சொன்ன சிரிப்பு மட்டும் விதிவிலக்கு. தனியாக, "அட்டகாசம்!" என்று ஒரே சொல்லாக வந்தாலும் பாராட்டுத்தான். செய்தித்தாளிலும் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டால் தலைப்பில்கூட நிறம் மாறிவிடும். நான் சொன்ன விதி உள்ளூர்ச் செய்திக்குத்தான்.

சிக்கலான இடம் 'பண்ணு'. "அட்டகாசம் பண்றான்" என்று நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னால் புகார். "அட்டகாசம் பண்ணிட்டான்" என்று முடித்துச் சொன்னால், மேடையோ மைதானமோ என்றால் அது உச்சபட்சப் பாராட்டு. கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்தவனைப் பற்றி யாரும் 'பண்றான்' என்று சொல்வதில்லை. பின்னிட்டான், கொன்னுட்டான், கலக்கிட்டான் எல்லாவற்றுக்கும் அந்த 'ட்டான்' இருப்பதைக் கவனியுங்கள். தொல்லை முடியாமல் இழுக்கும், சாதனை முடிந்த பிறகுதான் கைதட்டு விழும். தமிழ் கற்றுக்கொள்ளும் உங்களுக்கு இந்த ஒரு வேறுபாடு எந்த அகராதியையும் விட உதவும்.

கெட்ட சொல் எப்படி நல்லதானது என்று ஆச்சரியப்பட வேண்டாம். இதே சாலையில் வேறு பல சொற்களும் போயிருக்கின்றன. 'பயங்கரமா இருக்கு' என்றால் பேயும் இருக்கலாம், பாயசமும் இருக்கலாம். அமர்க்களத்தை எடுங்கள். அமர் என்றால் போர், போர் நடக்கும் களம் அமர்க்களம். அது முதலில் கூச்சல் குழப்பமாகி, பிறகு கல்யாண வீட்டுச் சிறப்பாகவும் ஆகிவிட்டது. இயக்குநர் சரண் அஜித்தை வைத்து 1999-இல் 'அமர்க்களம்' எடுத்தார், 2004-இல் 'அட்டகாசம்' எடுத்தார். நாயகனுக்கு அந்தப் பெயர்கள் பொருந்தியதே இந்த இரட்டைக் குணத்தால்தான். இப்போது இளைஞர்கள் வாயில் 'வெறித்தனம்' அதே பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படிக் கரையேறிவிடுவதில்லை. அட்டூழியம் என்றைக்கும் கெட்டதுதான். 'தோசை அட்டூழியம்' என்று நீங்கள் சொன்னால் தோசை சுட்டவர் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். ரகளை கிட்டத்தட்ட அடிதடிக்கு முந்தைய நிலை. கன்னடத்தில் அதே ஒலியுள்ள 'ரகளெ' தொந்தரவையும் குறிக்கும், ஒரு செய்யுள் வகையையும் குறிக்கும், அதை அங்குள்ள நண்பர் ஒருவர் சொன்னபோது வெகுநேரம் சிரித்தேன். கலாட்டா லேசானது, அதில் ஜாலியும் கலந்திருக்கும். கொட்டம் கொஞ்சம் அதிகாரத் திமிர். கொட்டத்தை அடக்குவேன் என்பார்களே ஒழிய, கொட்டத்தை ரசித்தேன் என்று யாரும் சொல்வதில்லை. அழிச்சாட்டியம் என்றால் சொன்ன பேச்சைக் கேட்காத பிடிவாதமும் சேர்ந்த தொல்லை, இது பெரியவர்களிடமும் உண்டு. பிள்ளைகளுக்கு உரியது சேட்டை. சமஸ்கிருதத்தில் 'சேஷ்டா' என்றால் வெறும் அசைவு, செயல். ஐந்து வயதுப் பையன் அசைந்தாலே அது சேட்டைதான் என்று தமிழ் முடிவு செய்துவிட்டது போலும். பழைய தமிழில் மூதேவிக்கும் சேட்டை என்று ஒரு பெயர் உண்டு, அது ஜ்யேஷ்டாவிலிருந்து வந்த வேறு சொல், இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். இலங்கைத் தமிழர் வீடுகளில் இந்தச் சேட்டைக்குக் 'குழப்படி' என்று பெயர், கேட்கவே அழகாக இருக்கும்.

இப்போது உங்கள் கீழ்வீட்டுக்கு வருவோம். "அட்டகாசம் தாங்கல" என்பது வடிவத்தில் புகார். ஆனால் தமிழ்நாட்டுப் பாட்டிகள் தங்கள் சொந்தப் பேரனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரியும் வாசகமும் இதுவே. "லீவுக்கு வந்திருக்கான், அட்டகாசம் தாங்கல" என்று அலுத்துக்கொள்ளும்போது முகத்தைப் பார்த்தால் பெருமை வழியும். கண் பட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளை நேராகப் புகழாமல் இப்படிக் குறையாகச் சொல்லிப் புகழ்வது நம் வழக்கம். கெட்ட பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் நடுவே பாலம் போட்டது இந்தப் பாட்டிகள்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். இதுவும் ஊகக் கணக்கில்தான் சேரும்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்கிறீர்கள். உங்களிடம் நேரில் சொன்னார், பையன் முன்னாலேயே சொன்னார். மூன்றும் நல்ல அறிகுறி. உண்மையிலேயே கோபம் என்றால் அட்டகாசம் என்ற சொல்லே வந்திருக்காது. "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு தம்பி, மத்தியானம் தூங்க முடியல" என்று விஷயத்தைச் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் உங்களிடம் ஒன்றும் பேசாமல் வாட்ச்மேனிடமோ அசோசியேஷன் செக்ரட்டரியிடமோ சொல்லியனுப்பியிருப்பார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அதனால் நூற்றுக்கு நூறு என்று சத்தியம் செய்ய மாட்டேன். மன்னிப்பும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது, "ஆமாம்மா, எங்களாலயும் தாங்கல" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். அவர் பையன் கன்னத்தைக் கிள்ளினால் விஷயம் முடிந்தது. "அது இல்லப்பா..." என்று இழுத்தால் மட்டும், வீட்டுக்குப் போய் பையன் குதிக்கிற இடத்தில் தடியாக ஒரு பாய் வாங்கிப் போட்டுவிடுங்கள்.